சைட்டோகைன் சார்

எங்கள் சாருக்கு ஆங்கிலத்தில் வெட்கம் கிடையாது. கருப்பை, சினைப்பை, மாதவிடாய், அதன் நிறம், அளவு என்று எதைப் பற்றியும் ஆங்கிலத்தில் மணிக்கணக்காகப் பேசுவார். அதையே தமிழில் சொல்ல வேண்டி வந்தால் முதலில் இடது காது சிவக்கும். பிறகு வலது காது. இரண்டும் சிவந்த பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் இருப்பது ஆணா பெண்ணா என்றே அவருக்குத் தெரியாது, அதனால்தான் அப்போது கொஞ்சம் தைரியம் வருகிறது என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் பேசிக்கொள்வோம்.

வேலூரிலிருந்து பாகாயம் போகும் சாலையில், ஒரு மரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ஆம்பூரிலிருந்து தினமும் பஸ். அப்பா தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரி. வேலையில் சேர்ந்த முதல் நாள் சார் என்னிடம் கேட்ட கேள்வி, "ஆம்பூர் பக்கம் கல்யாணத்துக்கெல்லாம் போவீங்களாம்மா?"

"போவேன் சார்."

"பந்தி முடிஞ்சா தட்டெடுக்க ரெண்டு ஆள் வருவாங்க இல்ல. அவங்க தட்டெடுக்காம, பிரியாணி வாசன நல்லாருக்கேன்னு அங்கயே உக்காந்துட்டு, சொந்தக்காரங்களையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினா எப்டி இருக்கும்?"

"பேஜாராய்டும் சார்."

"அதேதான். அவங்க ஆள் அனுப்பறாங்க பாருங்க, அத அளக்கறதுதான் நம்ம வேல" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

போகப் போகப் புரிந்தது. கருப்பையின் உள்பக்கம் மெத்தை மாதிரி ஒரு படலம் இருக்கிறது. மாதா மாதம் அது கழன்று இரத்தத்தோடு வெளியே வந்துவிடும். சில பெண்களுக்கு அதே போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையின் மேலும் குடலின் மேலும் வயிற்றின் உள்சுவரிலும் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. அந்தந்த மாதம் அதுவும் கசியும். ஆனால் வெளியே போக வழி கிடையாது. எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். வலி என்றால் அப்படி ஒரு வலி. பலருக்குக் குழந்தை தங்குவதும் கஷ்டம்.

இப்படி இடம் தவறி வந்ததைத் தின்று சுத்தம் செய்ய உடம்பு ஆள் வைத்திருக்கிறது. மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்புச் செல்கள். இந்தப் பெண்களின் வயிற்றில் அவை கூட்டமாக வந்து நிற்கின்றன, ஆனால் வந்த வேலையை ஒழுங்காகச் செய்வதில்லை. மாறாக, சேதி அனுப்புகின்றன. அந்தச் சேதிகள்தான் சைட்டோகைன்கள். இன்டர்லூக்கின் ஆறு, எட்டு என்று எண் போட்ட நுண்ணிய புரதங்கள். சேதி கிடைத்ததும் இன்னும் செல்கள் வருகின்றன, புதிதாக இரத்தக்குழாய் முளைக்கிறது, நரம்புகள் எரிச்சலாகின்றன, ஒட்டிக்கொண்ட திசு வசதியாக வேர் பிடிக்கிறது. கொஞ்சம் இரத்தம் பின்பக்கமாக வயிற்றுக்குள் போவது நிறையப் பெண்களுக்கு நடக்கிறதாம். சிலருக்கு மட்டும் ஏன் இந்தக் கூத்து என்று யாருக்கும் தெரியாது. சாருக்கும் தெரியாது. அது அவரைத் தூங்கவிடாத கேள்வி.

இவ்வளவு கூச்சமுள்ள மனிதர் இந்த வேலைக்குள் எப்படி வந்தார் என்றால், அவருக்கு மேக்ரோஃபேஜ் மேல் அப்படி ஒரு பிரியம். இருபது வயதிலிருந்தே எலியின் வயிற்றிலிருந்து அவற்றை எடுத்துப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தவர். அவரோடு ஒரே பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த மகப்பேறு டாக்டரம்மா ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், "என் பேஷண்டுங்க வயித்துல உன் மேக்ரோஃபேஜ் ஊர்வலம் போவுது. வந்து என்னன்னு பாரேன்" என்றிருக்கிறார். இவர் உடனே சரி என்றுவிட்டார். மாதவிடாய் விவகாரம் அப்புறம்தான் தெரிந்ததாம். "நான் மேக்ரோஃபேஜுக்குத்தான் வாக்குக் குடுத்தேன்" என்று பல வருடம் கழித்தும் பாவமாகச் சொல்வார்.

சைட்டோகைன் சார் என்று பெயர் வைத்தவர் எங்கள் அட்டெண்டர். அவர் வாயில் அது சைக்கிள்கேன் என்றுதான் வரும். மாடிப்படிச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் அப்படியே எழுதியும் வைத்தார். கீழே மரக்கடைக்கு வருகிறவர்கள் சிலர் மாடியேறி வந்து, பின் சக்கரத்துக்கு ரிம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.

சாரின் கூச்சத்தை நான் முழுதாகப் பார்த்தது நெமிலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாளால். டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில், தொப்புள் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்காக அந்த அம்மாள் வந்திருந்தார். அப்போது வயிற்றிலிருந்து எடுக்கும் நீரில் கொஞ்சம் எங்களுக்குத் தருவார்கள். சம்மதித்தவர்களிடம் முன்னாலேயே சில கேள்விகள் கேட்க வேண்டும். வழக்கமாகக் கேட்கும் நர்ஸ் அன்றைக்கு வரவில்லை. நான் பனிக்கட்டி வாங்கக் கீழே போயிருந்தேன். சார்தான் கேட்க வேண்டியதாயிற்று. கட்டிலைச் சுற்றியிருந்த திரைக்கு வெளியே நின்றுகொண்டு ஆரம்பித்திருக்கிறார். நான் திரும்பி வரும்போது பேச்சு நடுவில் இருந்தது.

"அம்மா, உங்களுக்கு மாசாமாசம்... அது... ஒழுங்கா வருதுங்களா?"

"எது சார்?"

"அதாங்க. மாசத்துக்கு ஒருதரம் வருமே."

"சீட்டா?"

"சீட்டு இல்லைங்க."

"சீட்டு நான் போன வருசமே எடுத்துட்டேன் சார். அதுக்கும் வயித்து நோவுக்கும் இன்னா சார்?"

"இல்லைங்க, இது பெண்களுக்கு மட்டும்... பிரத்தியேகமா..."

"மகளிர் சங்கமா? அது வாராவாரம் சார். செவ்வாக்கெழம."

நான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் நேராகக் கேட்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"தூரத்தக் கேக்கவா சார் இவ்ளோ தூரம் சுத்தினே? சிரிக்க வெக்காத சார், வலிக்குது."

கால்கள் அசையவில்லை. அப்புறம் அந்த அம்மாள் எல்லாவற்றையும் சொன்னார். வயதுக்கு வந்ததிலிருந்து மாதத்தில் பாதி நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு களை பறித்தது, ஒவ்வொரு மருத்துவரும் வாயு என்று மருந்து கொடுத்தது, குழந்தை இல்லை என்று மாமியார் பேசியது. சார் திரைக்கு வெளியே நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தார். முடிக்கும்போது அந்த அம்மாள், "எங்க வூட்ல ஒருத்தரும் கேக்கல. நீதான் கேட்ட. கேட்டதுதான் கேட்ட, இப்டியா கேட்ட" என்றார். "மன்னிச்சுக்கோங்கம்மா" என்று திரை பதில் சொன்னது.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் அதே நோய்தான் என்று எனக்குத் தெரியாது. நாள் முழுக்க அந்த நோயின் நீரைக் குழாயில் விட்டு அளந்துகொண்டிருந்தவள் நான். ஆனாலும் என் வலி வேறு என்றே நினைத்திருந்தேன். எனக்கு சூடு என்று அம்மா சொல்லியிருந்தாள். வெந்தயம், இளநீர், தொப்புளில் விளக்கெண்ணெய். கல்யாணம் ஆனால் சரியாய்டும் என்பது கடைசி மருந்து. அந்த நாட்களில் ஆம்பூரிலிருந்து பஸ் ஏறினால் மாதனூர் தாண்டுவதற்குள் கண் இருட்டும். விரிஞ்சிபுரத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒருமுறை இறங்கி, சாலையோரம் வாந்தி எடுத்துவிட்டு, எதிர்ப் பக்கம் போய் ஊருக்கே பஸ் ஏறிவிட்டேன்.

வேலைக்கு வராததற்குக் காரணம் சொல்ல வேண்டும். நர்ஸ் எப்போதாவது வருவார், மற்றபடி அங்கே எல்லோரும் ஆண்கள். காய்ச்சல் என்றால் மாத்திரை சாப்பிட்டாயா என்பார்கள். வயிற்று வலி என்றால் என்ன சாப்பிட்டாய் என்பார்கள். சாவு என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அதனால் நான் சித்தப்பாக்களைச் சாகடித்தேன். முதலில் காட்பாடிச் சித்தப்பா. பிறகு வாணியம்பாடிச் சித்தப்பா. என் அப்பாவுக்குத் தம்பிகளே கிடையாது.

ஒவ்வொரு முறையும் சார் எழுந்து நின்று துக்கம் விசாரிப்பார். ஒரு நிமிடம் கண்ணை மூடி ஜெபிப்பார். பேரணாம்பட்டுச் சித்தப்பாவுக்கு அட்டெண்டரிடம் மாலை கொடுத்தனுப்பவும் தயாரானார். எடுத்துவிட்டார்கள் சார் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஒரு நாள் மத்தியானம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் போகும்போதே கண்ணாடி கையில் இருந்தது.

"உக்காருங்கம்மா. உங்க சித்தப்பா விஷயம் கேள்விப்பட்டேன்."

"ஆமா சார். திடீர்னு நெஞ்சு வலி."

"ரொம்ப வருத்தம்." கொஞ்ச நேரம் துடைத்தார். "உங்க குடும்பத்துல சித்தப்பாங்க கொஞ்சம் ஜாஸ்தி."

"பெரிய குடும்பம் சார்."

"சரிதான். ஆனா மாசம் தவறாம ஒருத்தர் போய்டறார். அதுவும் ஏறக்குறைய அதே வாரத்துல."

நான் மேசை மேலிருந்த எலிப் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கு..." என்று நிறுத்தி, சுவரைப் பார்த்துச் சொன்னார். "உங்களுக்கு இன்டர்லூக்கின் சிக்ஸ் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குமோன்னு."

மாதவிடாய் சமயத்தில் உனக்கு ரொம்ப வலிக்கிறதா என்று ஒரு பெண்ணிடம் கேட்க இதைவிடச் சுற்றுவழி இருக்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது அழுகையில் போய் நின்றது. சார் பதறிப்போனார். கைக்குட்டையைக் கண்ணாடிக்குப் பயன்படுத்திவிட்டதால் மைக்ராஸ்கோப் லென்ஸ் துடைக்கும் தாளை ஒவ்வொன்றாக உருவி நீட்டிக்கொண்டே இருந்தார். அது வெளிநாட்டிலிருந்து வரும் விலை அதிகமான தாள். மற்றவர்கள் ஒன்று எடுத்தாலே முறைப்பார்.

டாக்டரம்மா என்னைப் பரிசோதித்துவிட்டு, உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிடலாம், இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம் என்றார். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். அப்போது குடியாத்தத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பதில் வர வேண்டியிருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி வயித்துல ஓட்ட போட்டவள எவன்டி கட்டுவான்? அப்பாகிட்ட வாயத் தெறக்காத."

சாரிடம் போய், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். "நான் வேணா வந்து பேசட்டுமா?" என்று கேட்டுவிட்டார். கேட்டு முடிப்பதற்குள் இடது காது சிவந்துவிட்டது. ஆனால் வார்த்தையை வாபஸ் வாங்கவில்லை.

எதற்கு வருகிறார் என்று சொன்னால் அம்மா கதவைத் திறக்க மாட்டாள். அதனால், எங்கள் சார் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார் என்று மட்டும் சொல்லி வைத்தேன். இதுதான் வினையாகப் போயிற்று.

கோயில் முடிந்து, வெள்ளைச் சட்டையும் டையுமாக, ஒரு பை நிறைய ஆப்பிளோடு அவர் எங்கள் ஆம்பூர் வீட்டு வாசலில் வந்து நின்றார். காதுகள் இரண்டும் ஆப்பிள் நிறத்தில் இருந்தன. அப்பா அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். அம்மா அவரை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமையலறைக்குள் போய் ரவையை வாணலியில் கொட்டினாள்.

"எதுக்கும்மா கேசரி?"

"சும்மா இர்றீ."

முன்னறையில் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"சாருக்கு சொந்த வீடா பாகாயத்துல?" இது அப்பா.

"ஆமாங்க. அப்பா கட்டினது. நானும் அக்காவும் இருக்கோம்."

"உங்களுக்குக் கல்யாணம்?"

"ஆவலைங்க. வேலை வேலைன்னு... வருஷம் போய்ட்டுது."

"அதுக்கின்னா, ஆம்பளைக்கு வயசு ஒரு கணக்கா?"

சார் தொண்டையைச் சரிசெய்தார். "உங்க பொண்ணு விஷயமா பேசணும்னுதான் வந்தேன். ரொம்ப நாளா மனசுல இருக்கு. எப்டி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல."

அம்மா கரண்டியை நிறுத்திவிட்டு என் காதருகில் வந்தாள். "வயசு கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா சொந்த வீடு. நாத்தனாரு ஒருத்திதான்."

"அம்மா, அது இல்லம்மா."

"எல்லாம் எனக்குத் தெரியும். புடவை மாத்திக்கினு வா."

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கேசரித் தட்டோடு முன்னறைக்குப் போய்விட்டாள். நான் கதவு மறைவில் நின்றேன். அப்பா, டேனரியில் தோல் பேரம் முடிக்கும்போது பேசுகிற அந்தச் சமாதானமான குரலில் சொன்னார்.

"குடியாத்தத்துல ஒரு எடம் வந்துருக்கு. மறைக்கல. ஆனா நாங்க இன்னும் பேச்சு குடுக்கல. அதனால நீங்க தயங்க வேணாம். தைரியமா கேளுங்க."

சார் ஒரு வாய் கேசரியை வாயில் வைத்திருந்தார். விஷயம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காதைத் தாண்டி, கழுத்து, மூக்கு நுனி, வழுக்கை எல்லாம் சிவந்தது. கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. கேசரியை விழுங்கிவிட்டு எழுந்து நின்றார். பாடகர் குழுவில் அவர் பாடுவது கீழ்ஸ்தாயி. மைக் இல்லாமலேயே கோயிலின் கடைசி வரிசை வரை கேட்கும் குரல். அந்தக் குரல் முழுதாக வெளியே வந்தது.

"ஐயோ, நான் பொண்ணு கேக்க வரலைங்க. உங்க பொண்ணுக்கு மாதவிடாய் வலிங்க. தாங்க முடியாத வலி. கருப்பைக்கு வெளியில மாதவிடாய் ரத்தம் கசியுதுன்னு சந்தேகப்படறோம். அத உள்ள பாக்கணும். பாக்காம விட்டா பின்னாடி கொழந்தைக்கும் கஷ்டம். அத சொல்லத்தாங்க வந்தேன்."

பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. அம்மா தட்டைப் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சார் நின்றுகொண்டே இருந்தார். தான் தமிழில் பேசிவிட்டோம் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தெரிந்ததோ என்னவோ.

அப்பா ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெரியவளானதிலிருந்து இந்த விஷயம் எதையும் அவர் என்னிடம் பேசியது கிடையாது. பிறகு கதவுப் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"ஆமாப்பா."

"எப்பத்துலேருந்து?"

"வயசுக்கு வந்ததுலேருந்தேப்பா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். சாரிடம், "எப்ப சார் அட்மிட் பண்ணணும்? நான் லீவு போடணும்" என்று கேட்டார். அதற்குப் பிறகு சார் உட்கார்ந்து, கேசரி முழுவதையும் சாப்பிட்டார். இன்னொரு தட்டும் சாப்பிட்டார். இரண்டாவது தட்டை அம்மா வைக்கவில்லை, அப்பாவே போய் எடுத்து வந்தார்.

உள்ளே பார்த்தபோது அங்கங்கே கருநீலப் புள்ளிகள், இடது சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய ஒரு கட்டி. டாக்டரம்மா முடிந்தவரை சுத்தம் செய்தார். ஹார்மோன் மாத்திரைகள் கொடுத்தார். அவற்றால் நான் பூசணிக்காய் போல ஊதினேன். வலி அடியோடு போகவில்லை, ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் அளவுக்குக் குறைந்தது. எனக்கு அதுவே பெரிய விஷயம். குடியாத்தத்து மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் எப்படியோ போய்ச் சேர்ந்தது. அந்த ரேடியோ வீடு வழியாகத்தான் போயிருக்க வேண்டும். ஆள் வரவில்லை, பதிலும் வரவில்லை. போட்டோவில் அவனுக்கு நல்ல சிரிப்பு. ஒரு வாரம் எனக்கு மனசு சரியில்லை.

அம்மாவுக்கு சார் மேல் இரண்டு கோபம். தெருவே கேட்கிற மாதிரி அந்த வார்த்தையைச் சொன்னது ஒன்று. பெண் கேட்காமல் போனது இன்னொன்று. எது பெரிய கோபம் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. சில வருடம் கழித்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்னைப் பார்க்க வந்தபோது, நிச்சயத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் நானே அவரிடம் நேராகச் சொல்லிவிட்டேன். அவர் யோசித்துவிட்டு, "வலி வந்தா யார் சமைக்கறது? எனக்கு ரசம் மட்டும்தான் தெரியும்" என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

என் வயிற்றிலிருந்து எடுத்த நீரும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. தன்னுடையதைத் தானே அளப்பது சரியில்லை என்று சார் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அளக்கும் தட்டைத் தானே தயார் செய்தார். அவர் துளித் துளியாக நீர் விடும் பிப்பெட்டைப் பிடித்துப் பல வருடமாகியிருந்தது. முனையில் செருகும் டிப்பை மாற்றாமலே அடுத்த குழிக்குப் போனார். "சார், டிப்ப மாத்துங்க, டிப்ப மாத்துங்க" என்று நான் தூரத்திலிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். இரண்டு குழிகளைப் பாழாக்கினார்.

சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு அது. கடைசியில் குழிகளில் நீலம் ஏறும். அமிலம் விட்டதும் மஞ்சளாக மாறும். சேதி எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடர்த்தியான மஞ்சள். மற்றவர்களுடையதை நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு, மூன்றாவது வரிசையில் ஒரு குழி கெட்டி மஞ்சளாக நின்றது. சார் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, உங்களுடையதுதான் என்றார். உடனே எச்சரித்தார்.

"இத வெச்சு நோய் இருக்கு இல்லன்னு சொல்ல முடியாது. தெரியும் இல்ல? நோயே இல்லாதவங்களுக்கும் சில சமயம் ஜாஸ்தி வரும்."

"தெரியும் சார்."

தெரியும்தான். ஆனாலும் நான் அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சூடு என்றார்கள், நடிப்பு என்றார்கள், பிடிவாதம் என்றார்கள். இதோ இவ்வளவு மஞ்சள். தட்டைக் குப்பையில் போட வேண்டிய நேரம் தாண்டியும் சார் கேட்கவில்லை. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வீட்டுச் சம்பவத்தோடு அவருடைய கூச்சம் போய்விட்டது என்று நினைத்தால் தவறு. அடுத்த நாளே பழையபடி "அந்த விஷயம்", "அந்தச் சமாச்சாரம்" என்று ஆரம்பித்துவிட்டார். மருந்துக் கடையில் பெண்கள் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் வாங்கினால் அவர் பல்பொடி விளம்பரத்தைப் படிக்க ஆரம்பிப்பார். இப்படியே இன்னும் பத்து வருடம் ஓடியது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, அவர் ஓய்வு பெறப் போகிற சமயம், ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். தையல் பிரிவில் பெண்கள் மாதவிடாய் நாட்களில் அடிக்கடி மயங்கி விழுகிறார்கள், இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார் நலத்துறைப் பெண் அதிகாரி. நான் பேசுவது, சார் கூட வருவது என்று ஏற்பாடு. கேன்டீனில் பெஞ்சுகளைப் போட்டு, நீல மேல்கோட்டுடன் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் பசை வாசனை. சார் கடைசி பெஞ்சில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்துகொண்டார்.

நான் நன்றாகவே பேசினேன். முடித்ததும் ஒல்லியாக ஒரு பெண் எழுந்தாள்.

"அக்கா, வலிக்குதுன்னா எங்க சூப்பர்வைசரு நடிக்கிறோம்னு சொல்றாரு. ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணி, நோவு இருக்குன்னு சீட்டு குடுக்க முடியுமா?"

அப்படி ஒரு டெஸ்ட் இன்னும் கிடையாது என்றேன். கேன்டீன் முழுக்க ஒரு சலசலப்பு. எதிர்பார்த்தது கிடைக்காதவர்களின் சலசலப்பு. சிலர் மணி பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது பின்னாலிருந்து சார் எழுந்து வருவதைப் பார்த்தேன். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"இல்லம்மா. நானும் இத்தன வருஷமா தேடிட்டேன். ரத்தத்துல தேடினேன், வயித்து நீர்ல தேடினேன். அந்த சேதியெல்லாம் மத்த நோய்லயும் வருது, சும்மா சளி பிடிச்சாக்கூட வருது. அதனால இவங்களுக்கு இருக்கு, இவங்களுக்கு இல்லன்னு பிரிச்சு சொல்ல முடியல. அதுல நான் தோத்துட்டேன். எனக்குப் பின்னாடி யாராவது கண்டுபிடிப்பாங்க." சுற்றிலும் பார்த்தார். "உங்க சூப்பர்வைசர் இங்க இருக்காரா?"

சுவரோரம் நின்றிருந்த ஒரு மனிதரைப் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வேறு வழியில்லாமல் கையைத் தூக்கினார்.

"உங்களுக்கு மாதவிடாய் வந்துருக்குங்களா?"

"இன்னா சார்... இல்ல சார்."

"எனக்கும் வந்ததில்ல. அப்ப, இது வலிக்குமா வலிக்காதான்னு நாம ரெண்டு பேரும் கருத்து சொல்ல வேணாம். இவங்க சொல்றத எழுதிக்குவோம்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. சூப்பர்வைசரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். சார் நிறுத்தவில்லை. மாதவிடாய் எப்படி வருகிறது, எவ்வளவு வலி சாதாரணம், எவ்வளவு வலி சாதாரணமில்லை, உறவின்போது வலித்தால் என்ன, மலம் போகும்போது வலித்தால் என்ன, யாரிடம் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக, சுத்தமான தமிழில், அரை மணி நேரம் பேசினார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வந்து நிழலில் நின்றோம். சார் பாலாற்று மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேனாம்மா?"

"சொல்லிட்டீங்க சார்."

"மைக் ஆன்ல இருந்துதா?"

"இருந்துது சார்."

காது சிவக்கத் தொடங்கியது. அதற்குள் கம்பெனி கேட்டிலிருந்து அந்த ஒல்லிப் பெண்ணும் இன்னும் மூன்று பேரும் சாலையைத் தாண்டி ஓடி வந்தார்கள். என்னிடம்தான் வருகிறார்கள் என்று நான் ஒரு அடி முன்னால் போனேன். அவர்கள் என்னைத் தாண்டிப் போய் சாரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருத்தி பேச ஆரம்பிக்க, மற்றவள் குறுக்கே பேச, சார் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே ஏதோ கேட்டார். அவர்கள் கொஞ்சமும் கூசாமல் பதில் சொன்னார்கள்.

வேலூர் பஸ் வந்து நின்றது. நான் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். கண்டக்டர் விசில் அடித்துவிட்டு, "பெருசு, ஏறுறியா இல்லியா?" என்றார்.

சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் ஆட்டினார்.

"நீங்க போங்க. இவங்க இன்னும் சொல்லி முடிக்கல."